புதுப்பிப்பு: புலத் ஹபயாவின் நிற வேறுபாடு, ஊரா உணவா?

வெள்ளவத்தை வீட்டில் நான் வளர்க்கும் இரண்டு புலத் ஹபயா (இலங்கைக்கே உரிய சிறு நன்னீர் மீன்) கூட்டங்களில், களனிப் பக்க வழி வந்தவை என்று வாங்கியவற்றுக்குத் தலை நல்ல சிவப்பு, மாத்தறைப் பக்கத்தவை ஊதா கலந்து மங்கல், ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

"முதலில் இரண்டுக்கும் ஒரே நிலைமையைக் கொடுங்கள்" என்ற யோசனைதான் கை கொடுத்தது. மங்கல் கூட்டத்தின் தொட்டியில் வெள்ளை மணல் இருந்தது. அதை எடுத்துக் கறுப்பு மணல் போட்டேன். இரண்டிலும் நாட்டு வாதுமைச் சருகு, குறைந்த வெளிச்சம், ஒரே உணவு. சிவப்புக்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறமியை மீன் தானே தயாரிக்காது, உணவிலிருந்துதான் பெறும். அதனால் அது உள்ள கூனிப்பொடியும் (சிறு இறால் பொடி) சேர்த்தேன்.

எட்டு வாரத்தில் மங்கல் போய்விட்டது. ஆனால் ஊதா போகவில்லை! இப்போது அது இன்னும் அழுத்தமாக, அழகாகத் தெரிகிறது. ஆக, மங்கலுக்குக் காரணம் என் தொட்டி. ஊதா பிறவியிலேயே வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

எதிர்பாராதது ஒன்று: பெண் என்று நினைத்திருந்த இரண்டு மீன்கள், பெரிய ஆணை வேறு தொட்டிக்கு மாற்றியதும் சிவந்துவிட்டன. அடங்கிப்போன ஆண்கள் நிறம் காட்டாமல் இருந்திருக்கின்றன.

சரி, இனி இரண்டு வழிகளையும் கலக்காமல் தனித்தனியாகவே குஞ்சு எடுக்கப்போகிறேன். மிஞ்சும் குஞ்சுகளைத் தயவுசெய்து யாரும் ஓடையில் விடாதீர்கள், அங்குள்ள வழி கலந்துவிடும்.