மே மாதம் ஒரு வாரம் புதுச்சேரியில் தங்க தரைத்தள வீடு தேவை

நண்பர்களுக்கு வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். கோவையிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. எங்களையும் சேர்த்து 9 பேர்: பெரியவர்கள் 6, பிள்ளைகள் 3. மே 10 முதல் 16 வரை புதுச்சேரியில் தங்கத் திட்டம். முன்பணம் கட்டியிருந்த வீட்டை உரிமையாளர் நேற்று ரத்து செய்துவிட்டார். பணம் திரும்பி வந்துவிட்டது, வீடுதான் இல்லை.

அம்மாவுக்கு 2 முழங்காலிலும் தேய்மானம், படி ஏற முடியாது. அதோடு சர்க்கரை நோயும் இருப்பதால் நேரத்துக்கு வீட்டுச் சாப்பாடு வேண்டும். சமையலறை கேட்பது அதனால்தான்.

பிரெஞ்சுக்காரர் பகுதியில் 5 விடுதிகளில் விசாரித்தேன். பழைய வீடுகள், அறைகள் மாடியில், லிஃப்ட் கிடையாது. செயலிகளில் தேடினால் தரைத்தளம் கிடைக்கும் இடத்தில் அடுப்பு இல்லை. ஆரோவில் பக்கம் ஒன்று அமைந்தது, ஆனால் அங்கிருந்து தினமும் கடற்கரைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். கடலூரிலிருந்தே தினமும் போய்வரலாம் என்றார் அப்பா. 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான், ஆனால் மே வெயிலில் அம்மாவை ஏழு நாளும் அலைக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

சுண்ணாம்பாறு படகு, பிச்சாவரம் எல்லாம் பிள்ளைகளுக்கு. அம்மா கேட்பது ஒன்றே ஒன்று: சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடும் அந்தக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை மெதுவாக நடக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 7,000 ரூபாய் வரை கொடுக்க முடியும். கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், சமையலறையோடு தரைத்தள வீடு வாடகைக்குக் கொடுப்பவர் யாரையாவது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?