ஆக்ராய்ட் என்ற குடும்பப் பெயர்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்
வணக்கம் நண்பர்களே. என் மருமகன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்காரர், குடும்பப் பெயர் ஆக்ராய்ட். பேத்திக்காக அந்தப் பெயரின் வரலாற்றை எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். ஓக் மரங்களை வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். 'ராய்ட்' என முடியும் பெயர்கள் அங்குள்ள ஹாலிஃபாக்ஸ் நகர வட்டாரத்தில் நிறைய. அங்கே கம்பளி ஆலை நடத்திய எட்வர்ட் ஆக்ராய்ட் (1810–1887) தொழிலாளர்களுக்காக ஆக்ராய்டன் என்று ஒரு குடியிருப்பையே கட்டினார், அருமையான மனிதர்!

இங்கிலாந்தில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1837-ல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் போக தேவாலயப் பதிவேடுகளைத்தான் பார்க்க வேண்டும். அவற்றில் ஒரே குடும்பத்தின் பெயரையே பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். எந்தெந்த எழுத்துக்கூட்டலில் தேடலாம்? எல்லா ஆக்ராய்டுகளும் ஒரே ஊரிலிருந்து கிளைத்தவர்களா? இங்கிலாந்தில் வம்சாவளி தேடிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.