விண்டோஸில் கிட் நிறுவும்போது எந்தெந்தத் தேர்வுகளை மாற்ற வேண்டும்?

கேள்வி
விண்டோஸ் 11 லேப்டாப்பில், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளை இன்ஸ்டால் செய்கிறேன். எடிட்டர், பாத், வரி முடிவு என்று திரை மேல் திரையாகக் கேட்டுக்கொண்டே போகிறது. எல்லாவற்றுக்கும் நெக்ஸ்ட் கொடுத்துவிட்டால் பின்னால் சிக்கல் வருமா? ஆபீஸ் வேலை. நிரல் எழுதுவது விண்டோஸில், ஓடுவது டாக்கரில் லினக்ஸ் கன்டெய்னர் என்ற தனிச் சூழலுக்குள்.

வடக்குவாசல்
முக்கால்வாசித் திரைகளுக்குத் தாராளமாக நெக்ஸ்ட் கொடுங்கள். உங்களுக்கு வினையாவது வரி முடிவுத் திரைதான்.

விண்டோஸ் வரிக் கடைசியில் சிஆர் (CR), எல்எஃப் (LF) எனக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளை வைக்கும். லினக்ஸுக்கு எல்எஃப் மட்டும் போதும். அங்கே முதலிலேயே தேர்வாகியிருப்பது, கோப்புகளை இறக்கும்போது சிஆர்எல்எஃப் ஆக்கிவிட்டு, கமிட்டின்போது (மாற்றங்களைக் கிட்டில் பதியும்போது) எல்எஃப் ஆக்கும். அப்படி இறங்கிய ஷெல் ஸ்கிரிப்டை (லினக்ஸ் கட்டளைகள் எழுதிய கோப்பை) கன்டெய்னருக்குள் காப்பி செய்தால், முதல் வரியில், அதை ஓட்டும் புரோகிராமான பாஷ் என்ற பெயரின் வாலில் ஒரு சிஆர் ஒட்டியிருக்கும். லினக்ஸ் அந்த வாலோடு சேர்த்தே புரோகிராமைத் தேடி, 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று கைவிரிக்கும். ஸ்கிரிப்டோ கண்ணெதிரே இருக்கும்!

அதனால் இரண்டாவதை எடுங்கள்: இறக்கும்போது தொடாது, கமிட்டில் எல்எஃப் ஆக்கும்.

நிரல்காரன்
அது உங்கள் மெஷினுக்கு மட்டும்தான். அடுத்து டீமில் சேருபவர் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்தினால் அவருக்கு அதே தலைவலி. ரெப்போவின் (கிட் கவனிக்கும் புராஜெக்ட் ஃபோல்டரின்) வேரில் கிட்அட்ரிபியூட்ஸ் (.gitattributes) கோப்பு ஒன்றை வைத்து, ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எல்எஃப், விண்டோஸ் பேட்ச் (.bat) கோப்புகளுக்கு சிஆர்எல்எஃப் என்று எழுதிவிடுங்கள். இன்ஸ்டாலரில் யார் எதைத் தேர்ந்திருந்தாலும் இதுதான் செல்லும்.

மற்ற திரைகளில்: எடிட்டர் விம் என்று இருக்கும், பழக்கமில்லையென்றால் நோட்பேட் அல்லது விஎஸ் கோடு வையுங்கள் (விஎஸ் கோடை முன்பே நிறுவியிருக்க வேண்டும்). விம்மில் மாட்டிக்கொண்டால் எஸ்கேப், பிறகு கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். பாத் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) திரையில் நடுவில் இருப்பதே சரி. மூன்றாவது, விண்டோஸின் ஃபைண்ட், சார்ட் கட்டளைகளுக்கு மேல் யூனிக்ஸ் கருவிகளை ஏற்றிவிடும். பழைய பேட்ச் கோப்புகள் உடையும்.

ஆபீஸ் நெட்வொர்க் என்பதால் எச்டிடிபிஎஸ் திரையையும் பாருங்கள். கம்பெனி ப்ராக்ஸி (இணையத் தொடர்புக்கு இடையில் நிற்கும் சர்வர்) தன் சொந்தச் சான்றிதழைச் செருகினால், ஓபன்எஸ்எஸ்எல் தேர்வில் குளோன் செய்யும்போது (ரெப்போவை நகலெடுத்து இறக்கும்போது) சான்றிதழ் பிழை வரும். விண்டோஸ் செக்யூர் சேனலை எடுத்தால், ஐடி பிரிவு விண்டோஸில் ஏற்றிவைத்த சான்றிதழையே கிட்டும் பயன்படுத்தும். எஸ்எஸ்எல் சரிபார்ப்பையே அணைத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேட்டவர்
நன்றி. பக்கத்து சீட்டில் ஏற்கெனவே நிறுவியாயிற்று. திரும்ப ஓட்டி வரி முடிவை மாற்றியும் பலனில்லையே?

வடக்குவாசல்
இரண்டு காரணம் இருக்கலாம். இன்ஸ்டாலர் சிஸ்டம் அளவிலான கான்ஃபிக்கில் (அமைப்புகளை வைத்திருக்கும் கோப்பில்) எழுதும். அவருடைய யூசர் ஃபோல்டரில் உள்ள குளோபல் கான்ஃபிக்கில் ஆட்டோசிஆர்எல்எஃப் (autocrlf) என்ற வரி முடிவு அமைப்பு இருந்தால் அதுதான் ஜெயிக்கும். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, ஏற்கெனவே இறங்கிய கோப்புகள் தானாக மாறாது. வேலையை புஷ் செய்துவிட்டு (சர்வருக்கு அனுப்பிவிட்டு)ப் புதிய ஃபோல்டரில் குளோன் செய்வதே சுலபம்.