சொல் தேவை: சாம்பிள், மிக்ஸ்டேப் (வெள்ளிக்கிழமைக்குள்)

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சிற்றிதழின் இசைச் சிறப்பிதழுக்காகக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மெல்பர்ன் நகரத்து தி அவலாஞ்சஸ் குழுவைப் பற்றியது. 2000-இல் வந்த 'சின்ஸ் ஐ லெஃப்ட் யூ' தொகுப்பை அவர்கள் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த ஒலிகளைக் கொண்டே கட்டினார்கள். இப்படி வெட்டியெடுத்த ஒலிதான் சாம்பிள். 3,500-க்கு மேல் என்று பரவலாகச் சொல்வார்கள். அதே ஆண்டில் 'கிமிக்ஸ்' என்றொரு மிக்ஸ்டேப்பை விளம்பரத்துக்காக மட்டும் வெளியிட்டார்கள். தங்கள் பாட்டுகளோடு பிறர் பாட்டுகளையும் கலந்து ஓடவிட்டது. முறையாகக் கடைக்கு வராததால் இன்று அதைத் தேடி அலைபவர்கள் உண்டு.

சாம்பிள், மிக்ஸ்டேப் இரண்டுக்கும் சொல் வேண்டும். 'மாதிரி' என்று போட்டுப் பார்த்தேன். 'பாடகி மடோனாவின் மாதிரியைப் பயன்படுத்தினார்கள்' என்று வந்து நின்றது. உதவுங்கள்.

*

> 'மாதிரி' என்று போட்டுப் பார்த்தேன்

மாதிரி ஆகவே ஆகாது, அம்மா. நான் மின்னணுவியல் பாடம் எடுப்பவன். குறுந்தகட்டுக்கு ஒலியலையை நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக்குகிறோம். அதற்கும் சாம்பிளிங் என்றுதான் பெயர். புள்ளியியலில் இருப்பதுபோல் என் வகுப்பில் அதைக் கூறெடுப்பு என்கிறேன். உங்கள் கட்டுரையில் வருவது வேறு வேலை. அது அளத்தல், இது அறுத்தெடுத்தல். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைக்கத் தமிழில் வாய்ப்பு இருக்கிறது, அதை நழுவவிட வேண்டாம்.

'இசைத்துணுக்கு' என்று யாராவது சொல்வதற்கு முன்னால் ஒன்று: அவர்களுடைய 'ஃப்ரான்டியர் சைக்கியாட்ரிஸ்ட்' பாட்டில் கனடா நாட்டு நகைச்சுவை இரட்டையர் வேயின், ஷஸ்டர் பேச்சைத்தான் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பேச்சும் அடங்க வேண்டும். ஒலித்துணுக்கு என்பது என் பரிந்துரை.

*

துணுக்கு நல்ல வேர் உள்ள சொல். துணிதல் என்றால் அறுபடுதல். துண்டு, துணுக்கு, துணி எல்லாம் ஒரே குடும்பம். தறியிலிருந்து துணித்தெடுத்தது துணி. சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனாரை நினையுங்கள். அறுத்ததால் துணிக்கு அறுவை என்று பெயர், அதை விற்றதால் அறுவை வாணிகன். மனம் இரண்டில் ஒன்றை அறுத்து முடிவுசெய்வதும் துணிவுதான்.

ஆனால் இன்னும் கூரிய சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: துமி. துமித்தல் என்றால் வெட்டுதல், துமி என்றால் சிறு துளி. வெட்டியது என்ற பொருளும் சிறியது என்ற பொருளும் ஒரே சொல்லில். ஒலித்துமி என்போம். இரண்டெழுத்துச் சொல், கூட்டுச்சொல் ஆக்கவும் எளிது.

*

ஐயா, வேர் விளக்கம் அருமை. ஆனால் 'துமி' என்று எழுதினால், கம்பன் அந்தச் சொல்லை எழுதியபோது அப்படியொரு சொல் வழக்கில் உண்டா என்று ஒட்டக்கூத்தர் கேட்ட கதையை வாசகருக்கு முதலில் சொல்ல வேண்டியிருக்கும். கட்டுரை இசைக் கட்டுரை.

இன்னொன்றும் பாருங்கள். எங்கள் பக்கம், யாழ்ப்பாணத்தில், பௌதிகப் பாடத்தில் அணுவிலும் சிறியதைத் துணிக்கை என்கிறோம். எனவே 'ஒலித்துணிக்கை' பக்கம் மட்டும் யாரும் போய்விடாதீர்கள். துணுக்கு பிரச்சினையில்லை, நாளிதழ்த் துணுக்கு எல்லாருக்கும் தெரியும்.

*

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன். அங்கே எல்லாரும் சாம்பிள் என்றுதான் சொல்கிறோம். கிட்டாரைக் கிட்டார் என்றே எழுதுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? அவலாஞ்சஸின் ராபி சேட்டர் ஆகாய் எஸ்2000 கருவியில் வேலை செய்தவர். அந்தக் கருவிக்குப் பெயரே சாம்ப்ளர். வாசகனுக்குப் புரிவது முக்கியமா, சொல் நம்முடையதாக இருப்பது முக்கியமா?

*

தம்பி, கிட்டார் ஒரு பொருள், பெயரோடு வந்தது. இது ஒரு செயல், அந்தச் செயல் நம்மிடம் முன்பே இருக்கிறது. மணிமேகலையில் சாத்தனார் 'பெய்யெனப் பெய்யும் பெருமழை' என்ற குறளை அப்படியே எடுத்துத் தன் பாட்டுக்குள் பதித்து, 'பொய்யில் புலவன் பொருளுரை' என்று உரியவரையும் சுட்டுகிறார். நன்னூலார் 'முன்னோர் மொழிபொருளே யன்றி அவர்மொழியும் பொன்னேபோற் போற்றுவம்' என்கிறார். கருத்தை மட்டுமல்ல, சொன்ன சொல்லையே எடுப்பது. அவலாஞ்சஸ் செய்ததும் இதுதான். மடோனாவின் 'ஹாலிடே' பாட்டின் பேஸ் என்னும் தாழ்சுர ஒலியை அனுமதி வாங்கி எடுத்தாண்டார்கள். எனவே செயலுக்கு எடுத்தாளல்.

மிக்ஸ்டேப்புக்குக் கலம்பகம், பல வகைப் பாட்டு கலந்து வரும் நம் சிற்றிலக்கியத்தின் பெயர். இதில் எனக்கு ஐயமே இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் 'களிவண்டு மிழற்றிய கலம்பகம் புனைந்த அலங்கலந் தொடையல்' என்று பாடும்போது அது இலக்கிய வகையல்ல, பல பூ கலந்த மாலை. பிறர் தோட்டத்துப் பூவானாலும் தொடுத்த கை தனக்கென ஒரு மாலை செய்கிறது. வண்டின் ஒலியும் கூடவே இருக்கிறது பாருங்கள்.

*

கலம்பகத்துக்கு 18 உறுப்பு வேண்டும் என்று பாட்டியல் (சிற்றிலக்கிய இலக்கணம்) படித்தவர்கள் கேட்பார்கள். கலம் 12, பகம் 6 என்று கணக்கும் சொல்வார்கள். படிக்காதவர்களுக்கோ சொல்லே தெரியாது. கலவைநாடா போதும்.

*

கிமிக்ஸின் பெருமை அது நாடா என்பதில் இல்லையே, அக்கா. கணினிக் கோப்பைக்கூட இன்று மிக்ஸ்டேப் என்கிறார்கள். கலவைநாடா என்றால் வாசகர் கேசட்டைத் தேடுவார்.

*

எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் எள்ளை யாரும் தேடுவதில்லை. ஆங்கிலத்தில் டேப் நிலைத்தது போலத் தமிழில் நாடா நிலைக்கட்டும். விளம்பர வெளியீட்டுக்கு 'முன்னோட்ட' என்று அடை சேர்த்தால் முடிந்தது: முன்னோட்டக் கலவைநாடா.

*

அன்பர்களுக்கு நன்றி. இன்று இரவு அனுப்பியாக வேண்டும். ஒலித்துணுக்கு, முன்னோட்டக் கலவைநாடா, எடுத்தாளல் அனுமதி. இவற்றையே வைத்திருக்கிறேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'சாம்பிள் எனப்படும் ஒலித்துணுக்கு' என்று எழுதிவிட்டேன், ஒலிப்பதிவுக் கூடத்துத் தம்பிக்காக. கலம்பகத்தைக் கட்டுரைத் தலைப்பில் வைக்கலாமா என்று ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.

*

தலைப்பில் வைத்தால் அழகுக்காக வைத்தது ஆகிவிடும், அம்மா. கட்டுரைக்குள்ளே அது சொல்லாகப் புழங்க வேண்டும். என் வகுப்பில் நான் கலம்பகம் என்றே சொல்லப்போகிறேன்.

*

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன். ஒரு கேள்வி மட்டும் நிற்கிறது. ஒலித்துணுக்கு பெயர்ச்சொல். அந்த ஒலியை வெட்டுவதற்கு வினைச்சொல் எது? எடுத்தாளல் என்றால் பயன்படுத்துவது. தட்டிலிருந்து அறுப்பது அதற்கு முந்தைய வேலை. 'துணுக்கினார்கள்' என்று எழுத முடியாது. 'துமித்தார்கள்' என்று எழுதலாம்.