மலக்கூட்டாவிலிருந்து கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை

காட்டுத்தீக் காலத்தில் கடலோரமாகப் போனவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்களுடையது 2019 டிசம்பர். சிட்னியிலிருந்து பிரின்சஸ் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர், விக்டோரியா எல்லை தாண்டி குரோஜிங்கலாங் தேசியப் பூங்கா. நான், மனைவி, பத்து வயது மகன், ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு.

வழியில் பேட்மன்ஸ் பே என்ற கடலோர ஊருக்கு வடக்கே சாலையோரம் கரிந்த மரங்கள் நின்றன. நவம்பர் கடைசியில் மின்னலால் பற்றிய கரோவன் தீயின் வேலை அது. எரிந்து முடிந்த இடம்தானே என்று கடந்துவிட்டோம்.

பூங்காவை ஒட்டிய கடலோரச் சிற்றூர் மலக்கூட்டா. அங்கிருந்து மண் பாதையில் உள்ளே போனால் ஷிப்ரெக் கிரீக் முகாம். காட்டுக்குள் சில டென்ட்களுக்கு மட்டுமே இடம், கீழே இறங்கினால் ஓடை கடலில் சேர்கிறது. இரவெல்லாம் அலைச் சத்தம். அதைவிட நல்ல இடத்தில் நான் தூங்கியதில்லை.

29ஆம் தேதி ஞாயிறு, ஐஸ் வாங்க ஊருக்குள் போனோம். முகாமில் சிக்னல் கிடையாது. ஊர் வந்ததும் போன் விடாமல் அடித்தது. கிழக்கு கிப்ஸ்லாந்தில் (மலக்கூட்டா உள்ள வட்டாரம்) இருக்கும் சுற்றுலாப் பயணிகள் உடனே வெளியேறுங்கள், திங்கட்கிழமை சாலைகள் மூடப்படலாம் என்று அறிவிப்பு. நிமிர்ந்து பார்த்தால் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கிறது. புகை வாசனைகூட இல்லை. நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நான் சொன்னேன்.

முகாமுக்குத் திரும்பினோம். பக்கத்து டென்ட்டில் ஒரு பெரியவர், பல வருடங்களாக அங்கே வருபவர். தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். நெடுஞ்சாலையில் இருக்கும் ஜெனோவாவிலிருந்து மலக்கூட்டாவுக்கு வருவது இருபது கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் ஓடும் ஒரே தார்ச்சாலை. அது அடைபட்டால் மிச்சம் கடல்தான். அப்புறம் காற்றைப் பற்றிச் சொன்னார். வெப்பமான நாளில் உள்நாட்டிலிருந்து வடமேற்குக் காற்று அடித்துத் தீயைக் கடல் பக்கம் தள்ளும். திடீரென்று தெற்குக் காற்று திரும்பினால், அதுவரை பக்கவாட்டில் நீண்டு கிடந்த தீ முழுவதும் அப்படியே முன்னால் வரும். தூரத்தில் இருக்கிறது என்ற நினைப்பை அன்றோடு விட்டேன்.

மனைவி அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டென்ட் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். மகன் அழுதான். மாலைக்குள் எல்லை தாண்டினோம். கோபார்கோ, மோகோ என்று சின்னச் சின்ன ஊர்களின் கடைத்தெருக்கள் வழியாக வீடு வந்தோம். அந்த இரண்டு ஊர்களும் 31ஆம் தேதி எரிந்தன.

அதே காலையில் மலக்கூட்டாவில் பகல் இருட்டாகி, பிறகு ரத்தச் சிவப்பாக மாறியது. சுமார் 4,000 பேர் கரையில் ஒதுங்கி நின்றார்கள். 2020 ஜனவரி 3 அன்று கடற்படையின் சூல்ஸ் கப்பல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச் சென்றது. நாங்கள் கிளம்பியபோது பெரியவர் அப்போதுதான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. டிவியில் கப்பலைக் காட்டும்போதெல்லாம் மகன் கிட்டே போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

போகிறவர்களுக்கு ஒன்று: தீ எச்சரிக்கைக்கு நியூ சவுத் வேல்ஸில் ‘ஹஸார்ட்ஸ் நியர் மீ’ செயலி (அப்போது அதன் பெயர் ‘ஃபயர்ஸ் நியர் மீ’), விக்டோரியாவில் ‘விக்எமர்ஜென்சி’. எல்லை தாண்டினால் செயலியும் மாறும். சிக்னல் இல்லாத இடத்துக்குப் பேட்டரி ரேடியோ கட்டாயம்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். அந்த வாரம் நாங்கள் பேட்மன்ஸ் பேயில் மாட்டிக்கொண்டோம். ஜனவரி 2 அன்று சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் சனிக்கிழமைக்குள் வெளியேறச் சொன்னார்கள். கரண்ட் இல்லை, கார்டு வேலை செய்யவில்லை, பெட்ரோல் பங்கில் நீண்ட வரிசை. எங்களிடம் இருந்த ரொக்கம் பதினைந்து டாலர். முன்னால் நின்ற ஒரு அம்மா எங்கள் பெட்ரோலுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தார். திருப்பிக் கொடுக்க நம்பர் கேட்டேன். கையை மட்டும் அசைத்துவிட்டு, வடக்கே போகும் வண்டிகளோடு கலந்துவிட்டார்.