லண்டனில் பத்துக்குப் பத்து அறையா? வண்ணாரப்பேட்டையிலிருந்து பெட்டி கட்டுபவர்களுக்கு

எங்கள் தெருப் பக்கத்திலிருந்து இந்த செப்டம்பரில் மூன்று பேர் லண்டன் கிளம்புகிறார்கள். எதிர்வீட்டுத் தம்பி, அவன் கூட்டாளி, அப்புறம் கல்மண்டபத்தில் ஒரு பெண். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. நான் லண்டனிலிருந்து அம்மா வீட்டுக்கு ஒரு மாத லீவில் வந்திருப்பது தெரிந்ததும், மாறி மாறி வந்து "அக்கா, இங்கேர்ந்து என்ன எடுத்துனு போறது, அங்க என்ன வாங்குறது?" என்று கேட்கிறார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். வேறு யாருக்காவது உதவினாலும் சரி.

முதலில் அறையின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் பல பேர் சமையலறையைப் பகிர்ந்துகொண்டு வாடகைக்கு இருக்கிற, உரிமம் பெற்ற வீடுகளில், ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் என்றால் 10.22. 2018 அக்டோபரில் வந்த விதி இது. நம் கணக்கில் ஏழுக்குப் பத்து அடி, அல்லது பத்துக்குப் பதினொன்று. தம்பியின் அம்மா இதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் வளர்ந்த போர்ஷனும் பத்துக்குப் பத்துதான். அதில் நாங்கள் ஆறு பேர்.

அந்தத் தைரியத்தில்தான் நானும் போனேன். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்கிற இடத்தில், ஒரு வீட்டு மாடியில் நானும் என் வீட்டுக்காரரும் ஓர் அறை எடுத்தோம். "வடசென்னைக்காரிக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்று அவரிடம் பெருமை வேறு. நாலு மாதத்தில் அந்த அறை என்னை அழ வைத்துவிட்டது. ஏன் என்று புரிய ரொம்ப நாள் ஆனது. இங்கே நாங்கள் பத்துக்குப் பத்தில் வாழவே இல்லை. துணி காய்ந்தது மொட்டை மாடியில். மே மாதம் தூங்கியதும் அங்கேதான். வடாம், மிளகாய், ஈரப்பாய் எல்லாம் மாடி. பாத்திரம் தேய்த்தது முற்றத்து அடிபம்பில். அப்பா தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் படித்ததும் மாடிப்படியில்தான். அறை என்பது பெட்டி வைக்கவும் மழைக்கு ஒதுங்கவும். அங்கே கதவைச் சாத்தினால் முடிந்தது. நான்கு சுவருக்குள்தான் எல்லாமே. அதனால் எதை வாங்குவதற்கு முன்னாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: மொட்டை மாடி பார்த்த வேலையில் எதை இது பார்க்கப் போகிறது?

துணியிலிருந்தே ஆரம்பிக்கலாம், அதுதான் பெரிய தலைவலி. வண்ணாரப்பேட்டை வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்கிற லுங்கி, அங்கே டிசம்பரில் அறைக்குள் இரண்டு நாள் தொங்கும். அதிலிருந்து போகிற ஈரம் எங்கே போகும்? குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் தண்ணீராகப் படியும். பிறகு மூலையில் கரும்பூஞ்சை. வாடகைக்கு விட்டவர் "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்பார். வெளியே மூன்று டிகிரி! ஆனாலும் தினமும் பத்து நிமிடமாவது திறக்கத்தான் வேண்டும். மடக்கி வைக்கிற துணி ஸ்டாண்ட் ஒன்று, முடிந்தால் கரண்டில் சூடாகிற வகை, வாங்குங்கள். அதோடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையர். சின்ன அறையில் தரையை அடைத்துக்கொள்கிற ஒரு சாமானை நான் சிபாரிசு செய்வேன் என்றால் அது இது மட்டும்தான். ஒரு ராத்திரியில் அந்தத் தொட்டியில் சேருகிற தண்ணீரைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

இங்கிருந்து எடுத்துப் போக வேண்டியதும் இதே கணக்கில் வரும். தடித்த டர்க்கி டவல் வேண்டாம். நம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஈரிழைத் துண்டு நாலு வாங்கிக்கொள்ளுங்கள். மடித்தால் கையளவு, உதறிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். ஸ்வெட்டர், ஜாக்கெட் எதுவும் இங்கே வாங்காதீர்கள். இங்கே விற்கிறது ஊட்டிக் குளிருக்கு. போர்வையும் அப்படித்தான், டூவே என்கிற பஞ்சுப் போர்வை அங்கே எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும்.

படுக்கையில் நான் பட்டதைச் சொல்கிறேன். "கட்டில் எதற்கு, பாய் மாதிரி மெத்தையைத் தரையில் போட்டால் இடம் மிச்சம்" என்று அம்மா வீட்டு ஞாபகத்தில் போட்டோம். உடம்புச் சூட்டில் வருகிற ஈரம் மெத்தை வழியாக இறங்கிக் குளிர்ந்த தரையில் தங்கிவிடுகிறது. மூன்றாம் மாதம் மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. இங்கே பாயைக் காலையில் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிடுவோம், அதற்குக் காற்றும் வெயிலும் படும். மெத்தையை யார் தினமும் தூக்குவது? இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த கட்டிலாக வாங்குங்கள், அடியில் பெட்டி போகிற உயரத்தில். அங்கே சிங்கிள் 90-க்கு 190 செ.மீ., ஸ்மால் டபுள் 120-க்கு 190, டபுள் 135-க்கு 190. இரண்டு பேருக்குச் சின்ன அறை என்றால் ஸ்மால் டபுள் போதும். கொஞ்சம் நெருக்கம்தான், அது உங்கள் பாடு.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு பெட்டி வாங்கும்போது ஒரே அளவில் ஜோடியாக வாங்காதீர்கள். ஒன்று பெரிதாகவும், அதற்குள் அடங்குகிற மாதிரி இன்னொன்றும் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் சின்னதைப் பெரியதற்குள் போட்டு, பட்டுப்புடவையோ கோடைத் துணியோ உள்ளே வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். ஆயா வீட்டு ட்ரங்க் பெட்டி வேறு எங்கே இருந்தது? காற்றை உறிஞ்சிச் சப்பையாக்குகிற பிளாஸ்டிக் பைகளைப் பற்றி அந்தக் கல்மண்டபத்துப் பெண் கேட்டாள். இடம் குறையும், எடை குறையாது. ஏர்போர்ட்டில் தராசு பார்ப்பது கிலோவைத்தான். ஜரிகைப் புடவையை அதில் போட்டால் மடிப்பு விழுந்து பாழாகும். பருத்தித் துணிக்கும் டூவேக்கும் சரி.

சமையலறைக்கு வருவோம். இங்கேதான் நம் ஆட்கள் பாதிப் பெட்டியை வீணடிக்கிறார்கள். அரிசி, பருப்பு, புளி, மசாலா எதுவும் தூக்க வேண்டாம். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் மாவு முதல் முருங்கைக்காய் வரை இருக்கிறது. அங்கேயும் 20 கிலோ மூட்டை மலிவு என்று இழுத்து வராதீர்கள். மாத வாடகையை அறையின் சதுர அடியால் வகுத்துப் பாருங்கள். அந்த மூட்டை உட்காருகிற இடத்துக்கு நீங்கள் கட்டுகிற பணம் தெரியும்.

எடுத்துப்போக வேண்டியது குக்கர். 3 லிட்டர், எவர்சில்வர், இன்டக்ஷன் அடிப்பாகம் உள்ளது, உள்ளே அடுக்கு வைத்தது. ஒரே அடுப்பில் சோறு, பருப்பு, காய் மூன்றும் ஆகிவிடும். பொது சமையலறையில் உங்களுக்கு ஓர் அடுப்புதான் காலியாக இருக்கும், அதுவும் அரை மணி நேரத்துக்கு. கேஸ்கட் இரண்டும் சேஃப்டி வால்வு ஒன்றும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் குக்கரில் விசில் வராமல் பசியோடு உட்காரக் கூடாது. இட்லித் தட்டு வாங்கினால் அந்தக் குக்கருக்குள் நிற்கிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள்.

இன்டக்ஷன் அடுப்பில் அலுமினியமும் செம்பும் சூடாகாது. எவர்சில்வரிலும் எல்லாம் சூடாகாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் ஆகும். மின்ட் தெருப் பக்கம் பாத்திரக் கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைக் கையில் எடுத்துப் போங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். தோசைக்கல்லும் அடி தட்டையாக இருந்தால்தான் உதவும். சொரசொரப்பான இரும்புக் கல்லை அந்தக் கண்ணாடி அடுப்பின் மேல் இழுக்காதீர்கள், கீறல் விழுந்தால் டெபாசிட்டில் பிடிப்பார்கள். (டெபாசிட் நம்மூர் மாதிரி பத்து மாத அட்வான்ஸ் இல்லை. சாதாரண வாடகை வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம். அதற்கு மேல் கேட்டால் உஷார்.)

டிபன் கேரியரை யாரும் நினைப்பதில்லை. மூன்றடுக்குக் கேரியர் ஃபிரிட்ஜில் மிச்சக் குழம்புக்கு, மதியச் சாப்பாட்டுக்கு, அவசரத்தில் தட்டுக்கும் கிண்ணத்துக்கும். பொது ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டுதான் கொடுப்பார்கள், அங்கே அகலமாகப் பரப்ப முடியாது, உயரமாகத்தான் போக வேண்டும். மைக்ரோவேவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அஞ்சறைப் பெட்டியும் அப்படித்தான்: ஏழு பாட்டிலின் வேலையை ஒரு வட்டம் பார்த்துவிடும், படுக்கை மேல் வைத்துக்கூடச் சமையலுக்குத் தயார் பண்ணலாம். நான் பண்ணியிருக்கிறேன்.

மிக்ஸி எடுத்துப் போகலாம். பிரிட்டனில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம்மூர் மாதிரியே. ஃபியூஸ் வைத்த அந்த ஊர் பிளக் மாற்றினால் போதும். ஜார்களைக் காலியாகப் பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே சாக்ஸ், உள்ளாடை திணியுங்கள். அமெரிக்கா போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதற்கென்று செய்த மிக்ஸியாகக் கேட்டு வாங்க வேண்டும். கிரைண்டர் எங்கேயும் வேண்டாம். மாவு மிக்ஸியிலேயே ஆகும், குளிரில் புளிக்க வைக்க ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள்.

காசிமேட்டுக் கருவாடு கேட்டவர் யார் என்று சொல்ல மாட்டேன். தம்பி, ஒரே சமையலறையில் ஐந்து பேர், ஜன்னல் ஒன்று. நீயே யோசி. பால் பொருட்களையும் இறைச்சியையும் இந்தியாவிலிருந்து உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதனால் அம்மா கட்டித் தருகிற பால்கோவாவை விமானம் ஏறுவதற்குள் தின்றுவிடு.

இனி, அங்கே போய் வாங்கி நான் நொந்தது. சோபா-கம்-பெட். பகலில் சோபா, ராத்திரி கட்டில் என்று கேட்கவே அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்தபோது மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது, கைப்பிடியைக் கழற்றித்தான் ஏற்றினோம். அதில் உட்கார்ந்தால் முதுகு வலி, படுத்தால் நடுக்கம்பி. விரித்து மடக்க அறை முழுக்க காலி பண்ண வேண்டும், ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்து அது விரித்தபடியே கிடந்தது. மடக்குச் சாமானை வாங்குமுன் "தினமும் மடக்குவேனா?" என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மடக்கு மேசை ஒன்றும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்குகிற பிளாஸ்டிக் ஸ்டூல் இரண்டும் எனக்கு ஏழு வருடம் உழைத்தன.

தூக்கிப் போடுவதும் அங்கே செலவு. இங்கே "பழைய இரும்பு, பழைய பேப்பர்" என்று வண்டிக்காரர் வந்து நமக்குக் காசு கொடுப்பார். அங்கே பெரிய சாமானை எடுத்துப் போக பல கவுன்சில்களில் (நம்மூர் மாநகராட்சி மாதிரி) நாம்தான் பணம் கட்ட வேண்டும். தெருவில் வைத்துவிட்டு நழுவினால் அபராதம். தர்ம காரியத்துக்காகப் பழைய சாமான் விற்கிற கடைகள் இலவசமாக எடுத்துக்கொள்வது உண்டு, ஆனால் சோபாவில் தைத்திருக்கிற தீப் பாதுகாப்புச் சீட்டு இருந்தால்தான். 1988-இலிருந்து அங்கே அப்படி ஒரு விதி. உறுத்துகிறது என்று அந்தச் சீட்டை நான் கத்தரித்திருந்தேன். பழையது வாங்கினாலும் சீட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, இதை எழுதியே வாங்கிக்கொள்வார்கள். கதவின் மேல் மாட்டுகிற கொக்கி, இரண்டு சுவருக்கிடையே அழுத்தி நிற்கிற கம்பி, இவைதான் நம் கொடிக்கயிறு. சாமி படம் சின்னதாக ஒன்று போதும். ஊதுபத்தி ஏற்றுமுன் தலைக்கு மேல் புகை அலாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

*

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு டோக்கியோ போகிற ஒரு திருவொற்றியூர்த் தம்பி கேட்டிருந்தார். நான் அங்கே இருந்ததில்லை, என் நாத்தனார் இருந்தாள். அங்கே அறையை தாத்தாமிப் பாயின் எண்ணிக்கையில் சொல்வார்கள். வீட்டு விளம்பரங்களில் ஒரு பாய்க்கு 1.62 சதுர மீட்டராவது கணக்கு. ஆறு பாய் அறை என்றால் நம் பத்துக்குப் பத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஃபூத்தோன் படுக்கையைக் காலையில் மடித்து அலமாரியில் வைத்து, வெயில் நாளில் பால்கனியில் காயப்போடுவார்கள். உங்களுக்கு அது நம் வீட்டு வழக்கம்தான். கரண்ட் 100 வோல்ட், ஆகவே இங்கத்து மிக்ஸி வேண்டாம். பெரிய சாமானைத் தூக்கிப்போட அங்கேயும் காசு கட்டி ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும்.

கல்மண்டபத்துப் பெண்ணுக்கு: முதல் மாதம் எதுவும் வாங்காதே. அறையில் ஏற்கெனவே என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு, கதவு அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்து எழுதி வைத்துக்கொள். மாமியார் கொடுக்கிற பன்னிரண்டு பேர் டின்னர் செட்டை அம்மா வீட்டுப் பரணில் வை.

நாளை சாயந்திரம் எதிர்வீட்டுத் தம்பியோடு மின்ட் போகிறேன். காந்தம் தேடினேன், வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. போன தடவை அம்மாவுக்கு நான் வாங்கி வந்த சிவப்பு டபுள் டெக்கர் பஸ், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. "தொலைச்சிட்டு வந்தா வூட்டுக்குள்ள விடமாட்டேன்" என்கிறார் அம்மா.