‘மொபிலிட்டி’க்கு ஏற்ற சொல் நடமாட்டமே

அனைவருக்கும் வணக்கம்.

முதியோரில் நடந்து இயங்குவதில் குறை உள்ளவர்களை முதற்கட்டமாகக் கண்டறிய உதவும் ‘மொபிலிட்டி ஸ்கிரீனிங்’ வினாப்பட்டியலைத் தமிழுக்குக் கொண்டுவரும் பணிக்காக ‘இயக்கத்திறன் திரையிடல்’ என்னும் தொடர் நம் குழுவின் சென்ற மடலில் முன்வைக்கப்பட்டிருந்தது. அதன் இரு பகுதிகளிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

‘இயக்கம்’ அறிவியல் தமிழில் வேரூன்றிய சொல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வினாக்களுக்கு விடை சொல்லப்போகிறவர் எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டியோ தாத்தாவோதான். அவர்களுக்கு இயக்கம் என்றால் கட்சி, சங்கம், அல்லது திரைப்படத்தில் இயக்குநரின் பெயருக்கு முன்னால் வரும் சொல். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அச்சொல்லைக் கேட்ட முதியவருக்குப் போர்க்காலத்து ஆயுதக் குழுக்களே முதலில் நினைவுக்கு வரும். அதே முதியவர்கள் தங்களைப் பற்றிப் பேசும்போது, “ஏதோ நடமாட்டமா இருக்கேன்”, “மழைக்காலத்துலேருந்து நடமாட்டம் குறைஞ்சுபோச்சு” என்று சொல்வதை நம் வீடுகளிலேயே கேட்கிறோம். நாம் தேடும் சொல் அவர்கள் வாயிலேயே இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. உலக சுகாதார அமைப்பு 2001இல் ஏற்ற, மனிதரின் செயல்பாட்டையும் இயலாமையையும் வகைப்படுத்தும் ஐ.சி.எஃப். வகைப்பாட்டில் ‘மொபிலிட்டி’ என்னும் தலைப்பின்கீழ் படுத்து எழுதல், குந்துதல், பொருளைத் தூக்கிச் செல்லுதல், வண்டி ஓட்டுதல் வரை எல்லாம் அடங்கும். அவ்வளவையும் ‘நடமாட்டம்’ தாங்காது. அந்த வகைப்பாட்டை மொழிபெயர்ப்பவர்கள் ‘இயங்குதிறன்’ என்றே வைத்துக்கொள்ளட்டும். நடத்தலையும் படியேறுதலையும் வெளியே போய்வருதலையும் மட்டும் கேட்கும் ஒரு சிறு வினாப்பட்டியலுக்கு நடமாட்டமே பொருந்தும்.

இச்சொல்லை ஏற்றால் மற்றொரு சிக்கலும் தீர்கிறது. அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்தில் உருவான ‘லைஃப் ஸ்பேஸ்’ அளவீடு, கடந்த 4 வாரங்களில் ஒருவர் எவ்வளவு தொலைவு, எத்தனை முறை, யார் துணையோடு போய்வந்தார் என்று கேட்டு 0 முதல் 120 வரை மதிப்பெண் இடுகிறது. இதை ‘வாழ்வெளி’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. ‘நடமாட்டப் பரப்பு’ என்றால் உடனே விளங்கும். அதன் படிநிலைகளையும் அறை, திண்ணை, தெரு, ஊர், வெளியூர் என்று நம் முதியவர்களின் வாழ்க்கையிலிருந்தே எடுத்துவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் திண்ணை இல்லை என்பது உண்மைதான். அங்கே ‘வாசல்’ போதும்.

‘ஸ்கிரீனிங்’குக்குத் ‘திரையிடல்’ வேண்டவே வேண்டாம். அது படம் காட்டுவது. ‘முற்சோதனை’யும் ஆகாது, ஏனெனில் வினாப்பட்டியலைச் சிலரிடம் கேட்டுப் பார்க்கும் கட்டத்துக்கு அச்சொல் தேவைப்படும். மேலும் சோதனை என்றாலே முதியவர்கள் ஊசிக்காகக் கையை நீட்டிவிடுகிறார்கள். ‘வடிகட்டல்’ என்பதே என் பரிந்துரை.

அடுத்ததாக, ‘கிராஸ் கல்ச்சுரல் அடாப்டேஷன்’, அதாவது ஒரு பண்பாட்டில் உருவான வினாப்பட்டியலை வேறொரு பண்பாட்டினருக்குப் பொருந்தச் செய்வது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘அடாப்டேஷன்’ என்பது ‘தகவமைப்பு’. இலங்கைப் பாடநூல்களில் ‘இசைவாக்கம்’. இங்கே இலங்கை வழக்கையே நான் ஏற்கிறேன். ஒட்டகம் பாலைவனத்துக்குத் தன்னைத் தானே தகவமைத்துக்கொள்கிறது; வினாப்பட்டியலோ தானாக மாறுவதில்லை, நாம்தான் அதை இசையச் செய்கிறோம். ‘ஆக்கம்’ என்னும் ஈறு அந்தப் பொறுப்பு யாருடையது என்பதைக் காட்டிவிடுகிறது. ஆகவே ‘பண்பாட்டு இசைவாக்கம்’.

மொழிபெயர்ப்பு என்றே சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்டவருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் இத்தகைய வினாப்பட்டியலோடு ஒரு பாட்டியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். “நடக்குறதுக்குக் கஷ்டமா இருக்கா பாட்டி?” என்றேன். “கஷ்டம் இல்லாதவுக யாருப்பா?” என்று சொல்லிவிட்டு மகன் வாங்கிய கடனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ‘சிரமம்’ என்று மாற்றிக் கேட்டபோது, “ஒரு சிரமமும் இல்லை, மெல்லப் போய் மெல்ல வருவேன்” என்றார். பிறகு தண்ணீர் கொண்டுவர எழுந்தவர், ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் தூணைப் பற்றி, மூச்சு வாங்க நின்று, அதன்பிறகுதான் அடியெடுத்து வைத்தார்.

பண்பாட்டு இசைவாக்கத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும், 2000இல் ‘ஸ்பைன்’ என்னும் மருத்துவ இதழில் வெளியான வழிகாட்டி, இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பது, அதை மீண்டும் மூலமொழிக்கே மாற்றிப் பார்க்கும் மீள்மொழிபெயர்ப்பு, வல்லுநர் குழு ஆகியவற்றுக்குப் பிறகு 30 முதல் 40 பேரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்கிறது. கஷ்டத்தை மீள்மொழிபெயர்த்தால் ‘டிஃபிகல்ட்டி’ என்று பிழையின்றித் திரும்பி வந்துவிடும். கடன் கதை அதில் வராது. அந்த 30 பேரிடம் உட்கார்ந்து பேசினால்தான் வரும்.

அளவுகளுக்கும் இதுவே பொருந்தும். கால் மைல் நடக்க முடியுமா என்னும் வினாவை 400 மீட்டர் என்று மாற்றினால் கணக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும், முதியவருக்குப் புரியாது. கால் மைல் என்பது சரியாக இரண்டு பர்லாங். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பர்லாங் இன்னும் மறக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுவதைக் கேட்கும் இடத்தில், சம்மணமிட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது மூலத்தில் இல்லாத புது வினா என்பதால், அதன் மதிப்பெண்ணைத் தனியே வைத்துச் சரிபார்த்த பிறகே மொத்தத்தில் கூட்ட வேண்டும்.

அந்தப் பாட்டியின் நிலைக்கும் ஒரு சொல் வேண்டும். சிரமம் இல்லை என்று சொல்லிக்கொண்டே செய்யும் முறையை மாற்றிக்கொண்டுவிட்ட அந்தக் கட்டத்தை ஆங்கிலத்தில் ‘பிரீகிளினிக்கல்’ என்கிறார்கள். ‘தளர்நடை’ என்று எழுத ஆசைதான். பழம்பாடல்களில் அது குழந்தையின் நடைக்கு உரியதாகிவிட்டது. ‘வெளித்தெரியா நடமாட்டக் குறைவு’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். நீளம்தான்; சுருக்கமானது கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு வினா. விடைகளில் கடைசி நிலைக்கு ‘அறவே முடியாது’ என்று எழுதியிருக்கிறேன். இங்கே தமிழ்நாட்டில் “முடியலை” என்றால் உடம்பு சரியில்லை என்றும் பொருளாவதால் ‘அறவே’யைச் சேர்த்தேன். உங்கள் பக்கம் ‘ஏலாது’ என்று போட்டால் அதே குழப்பம் வருமா?